வாரத்துக்கு இரண்டு மணி நேரம்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில், செயற்குழு அமைத்த துணைக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, வீட்டு வாடகை, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகியவை இந்த மேடையில் வழக்கமாகப் பேசப்படும் விஷயங்கள். இன்று நாங்கள் பேச வந்திருப்பது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளே, பெரும்பாலும் ஒரே ஒரு பெண், தன்னந்தனியாகச் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையைப் பற்றி. மறதி நோய் கண்ட முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அது. டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்கிறார்கள். அதிலே மிக அதிகமாகக் காணப்படும் வகைக்கு அல்சைமர் நோய் என்று பெயர்.

இதை ஒரு நோய் என்று ஏற்றுக்கொள்ளவே பலருக்கு மனம் வருவதில்லை. நம் ஊர்ப்பக்கம் "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்தார் "அறளை பேர்ந்துபோச்சு" என்பார்கள். இந்திக்காரர்கள் அறுபதைத் தாண்டியவரை "சட்டியா கயா" என்று கேலி பேசுவார்கள். வங்காளிகளிடம் "பீமரதி" என்றொரு சொல் இருக்கிறது. 77-ஆம் வயதில், ஏழாம் மாதத்தில், ஏழாம் இரவில் மனிதனுக்கு வரும் கண்டம் அது என்று நாள் நட்சத்திரம் போலக் கணக்கே வைத்திருந்தார்கள்! ஜப்பானில் வழங்கிய பழைய சொல்லுக்கு ஏறக்குறைய "மந்தபுத்தி" என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டே குடும்பங்கள் நோயாளியை ஒளித்து வைக்கின்றன என்று உணர்ந்து, 2004-இல் அந்நாட்டு அரசு சொல்லையே மாற்றியது. அடுத்த ஆண்டிலிருந்து கடைக்காரர், பாங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்றரை மணி நேர வகுப்பு நடத்த ஆரம்பித்தார்கள். இன்றுவரை ஒரு கோடிப் பேருக்கு மேல் அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். பெயரை மாற்றினால் நோய் போய்விடாது. ஆனால் பெயரைச் சொல்லக் கூசாத வீட்டுக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர் உதவிக்கு வரமுடியும்.

நம் நாட்டின் கணக்கைச் சொல்கிறோம். 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பள்ளிக்கூடம் பார்க்காதவர்களுக்கு அதிகம். 2024-இல் லான்செட் மருத்துவ ஏட்டின் குழு, இந்த நோயில் ஏறத்தாழ பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று சொல்லி, பதினான்கு காரணங்களை அடுக்கியது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, குடி என்ற பட்டியலில் காது கேளாமையும் படிப்பின்மையும் காற்று மாசும் இருக்கின்றன. தறி ஓசையிலும் பட்டறைச் சத்தத்திலும் முப்பது ஆண்டு நின்று காதைப் பறிகொடுத்தவர் யார்? பத்து வயதில் படிப்பை நிறுத்தி அடுப்படிக்கு அனுப்பப்பட்டவர் யார்? உழைக்கும் குடும்பங்களைத் தேடி இந்த நோய் ஏன் வருகிறது என்பதற்கு விதியைக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

இதிலே நமக்கு ஒரு சிறு ஆறுதலும் உண்டு. ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட, இரண்டு மொழி அறிந்தவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகவே தலைகாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. வெளிநாடுகளில் நடந்த எல்லா ஆய்வுகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். என்றாலும் வீட்டில் தமிழ், கடையில் வங்காளி, வேலையில் இந்தி என்று மூன்று மொழியில் பிழைத்த நம் பெரியவர்களுக்கு அந்தப் பாடுபட்ட பிழைப்பு ஏதோ ஒரு கேடயமாக இருந்திருந்தால் மகிழ்ச்சிதான்.

ஆனால் நோய் வந்தபிறகு அதே மொழிகள்தான் நம்மைப் படுத்துகின்றன. துணைக்குழு உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

பிந்திக் கற்ற மொழி முதலில் கழன்று போவதும், தாய்மொழி கடைசிவரை நிற்பதும் இந்த நோயில் பலரிடம் காணப்படுகிறது. கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வேயில் வேலை பார்த்து, ஐம்பது ஆண்டுகள் வங்காளிகளோடு வங்காளியாகப் பேசிச் சிரித்த மனிதர், ஒருநாள் காலையில் பால்காரரிடம் தமிழில் பேசுகிறார். பால்காரர் விழிக்கிறார். "என்னப்பா, காது கேக்கலையா?" என்று இவர் கோபிக்கிறார். அவரைப் பொறுத்தவரை அவர் சரியாகத்தான் பேசுகிறார். ஊரிலே அவருக்கு இது வந்திருந்தால் தெருவே அவர் மொழியில் பேசியிருக்கும். இங்கேயோ அவர் வாழ்ந்த நகரமே ஒரே நாளில் அயல்நாடாகிவிடுகிறது.

டாக்டரிடம் போனாலும் இதே கதைதான். நினைவாற்றலைச் சோதிக்க டாக்டர் சில கேள்விகள் கேட்பார். இன்று என்ன கிழமை, என்ன மாதம், இது எந்த இடம் என்று கேட்பார். நம் பாட்டி நவம்பர் கடைசியில் "கார்த்திகை" என்று சரியாகச் சொல்கிறாள். ஆனால் வங்காளிகளின் கார்த்திக் மாதம் நமது ஐப்பசியோடு முடிந்துவிட்டது, அவர்களுக்கு அப்போது அக்ரஹாயணம். நமது வைகாசி அவர்களுக்கு ஜ்யேஷ்டம், அவர்களுடைய வைசாகம் நமக்குச் சித்திரை. ஒரு மாதம் தள்ளி நிற்கிறது கணக்கு. பாட்டிக்குப் புத்தி பிசகவில்லை, பஞ்சாங்கம்தான் வேறு. அதேபோல மகாத்மா காந்தி ரோட்டை ஹாரிசன் ரோடு என்றும், சரத் போஸ் ரோட்டை லான்ஸ்டவுன் ரோடு என்றும் சொல்பவரைக் குழம்பியவர் என்று எழுதிவிட முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு நடுவில் தமிழும் வங்காளியும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

டாக்டரிடம் போவது எதற்கு, மருந்துதான் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நோயை அடியோடு குணப்படுத்தும் மருந்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் தைராய்டு குறைந்தாலும், பி12 சத்துக் குறைந்தாலும், மனச்சோர்வு பிடித்தாலும், கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டினாலும் இதே மாதிரி மறதியும் தடுமாற்றமும் வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆகையால் முதலில் பரிசோதனை அவசியம். நாம் பி.ஜி. ஆஸ்பத்திரி என்று சொல்லும் எஸ்.எஸ்.கே.எம்.மைச் சேர்ந்த பாங்கூர் நரம்பியல் நிலையம் அரசு நிலையம்தான். வரிசையில் நிற்கத்தான் வேண்டும். அந்த வரிசையில் நோயாளியோடு நிற்கவும் ஓர் ஆள் தேவை.

அடுத்து, "ஊருக்குப் போகணும்" என்ற பேச்சு. இந்த நோய் கண்டவர்கள், சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே, பொழுது சாயும் நேரத்தில் "வீட்டுக்குப் போகணும்" என்பது உலகம் முழுவதும் உள்ளதுதான். நம் பெரியவர்கள் சொல்லும்போது அது இரண்டு மடங்கு கனக்கிறது, ஏனென்றால் அவர்களுக்கு நிஜமாகவே ஓர் ஊர் இருந்தது. பையிலே வேட்டியை மடித்து வைத்துக்கொண்டு, "டாக்ஸி கூப்பிடு, மெட்ராஸ் மெயிலுக்கு நேரமாச்சு" என்று வாசலில் நிற்கிறார். கதவு திறந்திருந்தால் போயேவிடுகிறார். (கோரமண்டல்கூட இப்போது ஹவுராவிலிருந்து கிளம்புவதில்லை, ஷாலிமாருக்கு மாற்றிவிட்டார்கள்.)

சில குடும்பங்கள் இதைக் கேட்டு, ஊருக்கே அனுப்பிவிடலாமா என்று யோசிக்கின்றன. அவசரப்படாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. அவர் கேட்கும் ஊர் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஊர். அந்தத் திண்ணை இடிந்துவிட்டது. பங்காளிகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். பழகிய வீட்டையும் முகங்களையும் விட்டுப் பெயர்த்தால் தடுமாற்றம் கூடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்படியானால் வாசலில் பையோடு நிற்பவரிடம் என்ன சொல்வது? "இதுதானே உங்க வீடு" என்று வாதாடினால் சண்டைதான் வரும். "கரக்பூர் தாண்டி அடுத்தது எந்த ஸ்டேஷன்?" என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். பாலசோர், கட்டாக், பிரம்மபுரம், வால்டேர் என்று அவர் வரிசையாகச் சொல்லத் தொடங்குவார். வால்டேர் வருவதற்குள் காப்பி வந்துவிடும், பை கீழே இறங்கிவிடும். தினமும் இது பலிக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. பலிக்கிற நாளில் அந்த வீட்டு மருமகளுக்கு அரைமணி நேரம் மூச்சுவிடக் கிடைக்கும்.

அந்த மருமகளைப் பற்றித்தான் இனிப் பேசவேண்டும். மருமகள், மகள், அல்லது தானும் எழுபதைத் தாண்டிய மனைவி. இரவில் நோயாளி தூங்குவதில்லை, ஆகவே இவளும் தூங்குவதில்லை. குளிப்பாட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும், ஒரே கேள்விக்கு நாற்பது தடவை பதில் சொல்ல வேண்டும். "என் நகையை நீதான் எடுத்தாய்" என்ற பழியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால் அதை விட்டுவிட வேண்டும். இதற்குக் கூலி இல்லை, லீவு இல்லை, பென்ஷன் இல்லை. எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளி வர்க்கம் எத்தனை போராடியது! அந்த எட்டு மணி நேரம் இந்த அறைக்குள் இன்னும் நுழையவில்லை. கட்டிலில் இருப்பவரை எல்லோரும் விசாரிக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவளை "நீ சாப்பிட்டாயா" என்று கேட்க ஆளில்லை.

பணமிருந்தால் ஆயா வைக்கலாம். தெருவுக்குத் தெரு ஆயா சென்டர் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. அந்த ஆயாக்கள் யார்? விடியற்காலையில் கேனிங் லோக்கலிலும் லக்ஷ்மிகாந்தபூர் லோக்கலிலும் தொங்கிக்கொண்டு வரும் தெற்கு 24 பர்கானா கிராமத்துப் பெண்கள். நாம் தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள் என்றால் அவர்கள் பக்கத்திலிருந்து வந்தவர்கள், வித்தியாசம் அவ்வளவுதான். கூலியில் சென்டர் கமிஷன் பிடித்துக்கொள்கிறது. இந்த நோயைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதுமில்லை. பெரியவர் "தண்ணி, தண்ணி" என்கிறார், அவள் போர்வையைக் கொண்டுவந்து போர்த்துகிறாள். இதில் அவள்மீது என்ன குற்றம்? நாங்கள் ஒரு காரியம் செய்திருக்கிறோம். தண்ணி, பசி, வலிக்குது, குளிருது, ஒண்ணுக்கு, வேண்டாம் என்று இருபது தமிழ்ச் சொற்களை வங்காளி எழுத்தில் எழுதி, எதிரே வங்காளிப் பொருளைக் கொடுத்து, ஒரே தாளில் தயாரித்திருக்கிறோம். நமது ழகரத்துக்கு அவர்களிடம் எழுத்து கிடையாது, அதனால் "பழம்" கொஞ்சம் பல் உடைந்துதான் நிற்கிறது. பரவாயில்லை. சுவரில் ஒட்டிவையுங்கள்.

சரி, வெளியிலிருந்து உதவி என்னென்ன உண்டு? இந்திய அல்சைமர் சங்கம் 1992-இல் கேரளத்தில் தொடங்கப்பட்டது. அதன் கொல்கத்தாக் கிளை இந்நகரில் நோயாளிகளுக்குப் பகல்நேரப் பராமரிப்பும் குடும்பத்தாருக்குப் பயிற்சியும் நடத்தி வந்திருக்கிறது. தனித்து வாழும் முதியோருக்காக கொல்கத்தா போலீஸ் 2009-இல் தொடங்கிய "பிரணாம்" திட்டம் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணை மத்திய அரசு 2022-இல் கொண்டுவந்தது, அதில் தமிழிலும் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் இவ்வளவு பெரிய நகரத்துக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மேலும் இங்கே நடக்கும் பகல் பராமரிப்பு இந்நகரத்து மொழியில் நடப்பதுதான் இயல்பு. பாட்டும் கதையும் பழைய நினைவுகளும்தான் அங்கே மருந்து என்றால், ரவீந்திர சங்கீதம் கேட்டு நம் பாட்டியின் முகம் மலருமா? அவளுக்குத் தெரிந்தது தாலாட்டும் கும்மியும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க நம்மை விட்டால் ஆளில்லை.

படித்த டாக்டரும் நர்ஸும் செய்யவேண்டியதை நம்மால் செய்யமுடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்குக் கோவாவில் நடந்ததைச் சொல்கிறோம். அங்கே இரண்டு தாலுக்காக்களில், 81 குடும்பங்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. 2008-இல் அதன் முடிவு வெளிவந்தது. வீட்டுக்குப் போனவர்கள் டாக்டர்கள் அல்ல. மேல்நிலைப் பள்ளிப் படிப்பும், உள்ளூர் மொழியும், மனிதர்களோடு பழகும் குணமும் உள்ள சாதாரண ஆட்கள். ஒரு வாரம்தான் பயிற்சி. குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீடு தேடிப் போனார்கள். நோயைப் பற்றி விளக்கினார்கள், அன்றாடத் தொல்லைகளைச் சமாளிக்க வழி சொன்னார்கள், பராமரிப்பவரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். தேவைப்பட்டபோது மனநல மருத்துவர் பின்னால் இருந்தார். ஆறு மாதத்தில் நோயாளியின் நோய் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் பார்த்துக்கொள்பவரின் மன உளைச்சல் குறைந்திருந்தது. அதைத்தான் நாமும் எதிர்பார்க்க வேண்டும், அதற்குமேல் வாக்குக் கொடுத்தால் அது ஏமாற்று.

இன்னொன்று கோழிக்கோடு. 1993-இல் அங்கே மருத்துவக் கல்லூரியில் புற்றுநோய் வலியில் துடிப்பவர்களுக்காக ஒரு சிறு மருத்துவ மையம் ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வரமுடியாதவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கக்கூடியவர்களைத் தெருத்தெருவாகச் சேர்த்து, பதினாறு மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். பஸ் தொழிலாளியும் மாணவரும் கடைக்காரரும் சேர்ந்தார்கள். சில்லறைக் காசாக மக்களிடமே நிதி திரட்டினார்கள். அது மாநிலம் முழுவதும் பரவியது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்ற கணக்கை நாங்கள் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

செயற்குழுவில் ஒரு தோழர் நியாயமான ஆட்சேபணை ஒன்றைக் கிளப்பினார். "அரசு செய்யவேண்டிய வேலையை நாம் இலவசமாகச் செய்தால், அரசு கைகழுவிவிடாதா?" என்றார். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. "தொண்டர்" என்ற சொல்லை வைத்து இந்த நாட்டில் என்ன செய்தார்கள் என்பதை ஆஷா ஊழியர்களைக் கேளுங்கள். தொண்டர் என்று பெயர் சூட்டி, சம்பளத்துக்குப் பதில் ஊக்கத்தொகை என்று கொடுத்து, நாள் முழுவதும் வேலை வாங்கினார்கள். 2025-இல் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன்னே அந்தப் பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராட நேர்ந்தது. அதுவும் அதே கேரளத்தில்தான். ஆகவே கோழிக்கோட்டைப் புகழும் அதே வாயால் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆனால் கோழிக்கோட்டுத் தொண்டர்கள் அரசைத் தப்பவிடவில்லை. 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. உள்ளாட்சி அமைப்புகள் நர்ஸை நியமித்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. எத்தனை வீட்டில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்ற கணக்கு மக்கள் கையில் இருந்ததால்தான் ஆட்சியாளர்கள் இல்லையென்று சொல்ல முடியவில்லை. நம் கையில் அந்தக் கணக்கு வேண்டும். மாநகராட்சி வார்டு சுகாதார நிலையங்களில் நினைவாற்றல் பரிசோதனை, ஆயாக்களுக்குச் சட்டக்கூலியும் பயிற்சியும், வார்டுக்கு ஒரு பகல் பராமரிப்பு இல்லம் ஆகிய கோரிக்கைகளை மனுவாக எழுதியிருக்கிறோம். வங்காளித் தொழிற்சங்கத் தோழர்களோடு சேர்ந்துதான் அதைக் கொடுக்கவேண்டும். பீமரதி என்று ஒளித்து வைக்கப்பட்டவர்கள் அவர்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

இப்போது நாங்கள் கேட்பது இதுதான். இருவர் இருவராகச் சேர்ந்து, ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போய் உட்காருங்கள். பெரியவரோடு தமிழில் பேசுங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள், பழைய படங்களைக் காட்டுங்கள், நடக்க முடிந்தால் லேக் பக்கம் கூட்டிப் போங்கள். அந்த இரண்டு மணி நேரமும் வீட்டுப் பெண்ணுக்குச் சொந்தம். அவள் பாங்கிக்குப் போகட்டும், கோயிலுக்குப் போகட்டும், தூங்கட்டும், எங்கே போனாய் என்று யாரும் கேட்கக் கூடாது. இணையில் ஒருவராவது ஆணாக இருக்கவேண்டும் என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். இல்லாவிட்டால் ஒரு பெண்ணின் சுமையை இன்னொரு பெண்ணின் தலையில் மாற்றி வைத்ததாகத்தான் முடியும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பாங்கிப் புத்தகம், கையெழுத்து, சொத்து விவகாரம் எதையும் தொடக் கூடாது. அந்த வீட்டில் பார்த்ததை வெளியே பேசக் கூடாது. நம் ஆட்களுக்குக் கடைசி விஷயம்தான் கஷ்டம், தெரியும்.

நோயாளி உள்ள வீட்டார் நாளைக்கே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. பெயரையும் போன் நம்பரையும் வங்காளியிலும் ஆங்கிலத்திலும் துணியில் எழுதிச் சட்டையின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். சீட்டாக வைத்தால் எடுத்தெறிந்துவிடுவார். அண்மையில் எடுத்த படம் ஒன்றைக் கையில் வையுங்கள். தெருமுனைப் பாடா கிளப்புக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். கேரம் ஆடிக்கொண்டிருக்கும் அந்தப் பையன்களுக்கு எந்த வீட்டில் யார் என்பது போலீசைவிட நன்றாகத் தெரியும். டீக்கடைக்கும் ரிக்ஷா ஸ்டாண்டுக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், பெரியவர் காணாமல் போன இரவில் தேட ஆள் கிடைக்காது. காணாமல் போனால் காலைவரை காத்திருக்காமல் உடனே தாணாவில் எழுதிக் கொடுங்கள். அவரை யாராவது நிறுத்தி விலாசம் கேட்டால் "மெட்ராஸ்" என்றுதான் சொல்வார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வாசலருகே மேஜையில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. நீல நோட்டில் நேரம் கொடுக்கக்கூடியவர்கள் பெயரும், எந்தக் கிழமை, எந்தப் பேட்டை என்பதும் எழுதுங்கள். சிவப்பு நோட்டு நோயாளி உள்ள வீட்டாருக்கு. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுத மனமில்லாதவர்கள் துணைக்குழுவின் இரண்டு பெண் உறுப்பினர்களிடம் தனியே சொல்லலாம், அது வெளியே போகாது. பயிற்சி வகுப்பை ஞாயிறு மாலையில் வைப்பதா, சனி இரவில் வைப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஷிப்டு வேலைக்காரர்கள் எது வசதி என்று போவதற்குமுன் கையைத் தூக்கிச் சொல்லிவிட்டுப் போங்கள்.